பலாமரம் வரைக்கும்

கம்பாலாவுக்கு மேற்கே இருக்கும் எங்கள் மித்யானா ஊரில் ஹன்னெகேயை அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நேரில் பார்த்தால் 'மிரெம்பே அம்மா'. முதுகு திரும்பினால் 'ஒத்தை பிஸ்கட்டு'. இரண்டாவது பெயர் என் கடையில்தான் பிறந்தது என்று சொல்கிறார்கள். மிஷன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே முடி பின்னும் கடை வைத்திருக்கிறேன். நாலு பெண்கள் மத்தியானம் முழுக்கத் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் எதுதான் பிறக்காது?

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அவள் புருஷன் யோரிசும் ஹாலந்திலிருந்து வந்து ஆஸ்பத்திரி வளாகத்துக் கடைசி வீட்டில் குடியேறினார்கள். அவன் ஆஸ்பத்திரி இயந்திரங்களையும் கிராமத்து அடிபம்புகளையும் பழுது பார்க்கிறவன். வந்த வாரமே நாங்கள் ஐந்தாறு பேர் புது ஆளைப் பார்க்கப் போனோம். காப்பி ஊற்றினாள். நீல நிறத் தகர டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்தோம். 'டக்' என்று மூடியைப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர்கள் ஊரில் ஒரு கோப்பைக்கு ஒரு பிஸ்கட்டாம். இரண்டாவது கோப்பை வரும்போது டப்பா மறுபடி திறக்குமாம். இது எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது கோப்பை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டோம்.

அதுகூடப் பரவாயில்லை. விருந்தாளி புறப்பட்டால் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். எங்கள் வழக்கத்தில் வந்தவரோடு கூடவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் கேட் வரை, சொந்தம் என்றால் தெரு வளைவு வரை, மனசுக்குப் பிடித்தவர் என்றால் வேன் ஏற்றிவிடும் வரை. திருடனைக்கூட நாங்கள் தெருமுனை வரை கூட்டிப்போய்த்தான் விடுவோம். வழியெல்லாம் அடித்துக்கொண்டே போவோம், அது வேறு விஷயம்.

கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். என் கடைசிப் பையனுக்குக் காய்ச்சல் தலைக்கேறிய அன்று கொட்டுகிற மழையில் தானே வண்டி ஓட்டிக் கம்பாலா வரை கொண்டுபோனவள் அவள்தான். சர்ச்சில் மாதர் சங்கத்துப் பெண்களோடு கோமேசி கட்டிக்கொண்டு நிற்பாள். எங்களுக்குத் தோள் நிமிர்ந்து நிற்கும் அந்த உடுப்பு அவளுக்கு மட்டும் நழுவிக்கொண்டே இருக்கும். பொய் என்பது வாயில் வராது. நான் புதுக் கோமேசி தைத்துக்கொண்டு எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டால், "இந்த நிறம் உங்களுக்குப் பொருந்தலைக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். அவள் வீட்டில் சாப்பிடுவதற்கு முன்னாலும் ஜெபம், சாப்பிட்ட பின்னாலும் வேதவாசிப்பும் ஜெபமும். என் பிள்ளைகள் அங்கே சாப்பிடப் போனால் கையில் குழம்பு காயக் காய லேவியராகமம் கேட்டுவிட்டு வருவார்கள்.

அவள் பெண் ஃபென்னா இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு எங்கள் பாஷையில் மிரெம்பே என்று பெயர் வைத்தது யூனியா.

யூனியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஏரிக்கரைக் கிராமத்து உபதேசியாரின் விதவை. ஒரே தம்பியையும் சாகக் கொடுத்தவள். யோரிஸ் முதன்முதலாகப் பழுது பார்த்த பம்பு அவள் ஊர்ப் பம்பு. வேலை முடிந்ததும் அவள் வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் மசியலைக் கையால் உருட்டி வேர்க்கடலைக் குழம்பில் தோய்த்து, வைத்ததையெல்லாம் தின்றிருக்கிறான். அடுத்த ஞாயிறு சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்தவள், "கர்த்தர் என் தம்பியை நெறத்த மாத்தி அனுப்பி வச்சிருக்காரு" என்றாள். சபை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குழந்தை பிறந்தபோது நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, "நான்தான் அத்தை" என்று சொல்லித் தூக்கிக்கொண்டாள்.

எங்களிடம் அத்தை என்பது சும்மா உறவு இல்லை. தம்பி மகள் நடப்பது, உட்காருவது, பெரியவர்களை வணங்குவது, பின்னால் புருஷன் வீட்டுக்குப் போவது எல்லாம் அத்தையின் பொறுப்பு. பெற்றவள் சோறு போடலாம். ஹன்னெகேக்கு இது பிடிக்கவும் இல்லை, பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. யூனியாவை 'அம்மா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். நாத்தனார் முறையில் 'அண்ணி' என்று மட்டும் வாயில் வராது.

ஆனால் பிள்ளை எங்கள் பிள்ளையாகவே வளர்ந்தது. அம்மா சாத்திய கதவைத் திறந்துகொண்டு விருந்தாளியின் கையைப் பிடித்து வழியனுப்ப வந்துவிடும். முதலில் கேட் வரை. அப்புறம் என் கடை வரை. ஒருநாள் தபால்காரரை வழியனுப்புகிறேன் என்று சந்தைக்கே போய்விட்டது. அன்றைக்கு ஹன்னெகே ஒரு சட்டம் போட்டாள். கேட்டைத் தாண்டி நிற்கும் பலாமரம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஓரடி கிடையாது. சட்டம் போடக் காரணமும் உண்டு, பிள்ளைக்கு இழுப்பு. கொஞ்சம் புகை பட்டால் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். இன்ஹேலர் எப்போதும் அம்மாவின் பையில் இருக்கும்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, நாங்கள் வறுத்துத் தின்னும் வெட்டுக்கிளி பறக்கத் தொடங்கிய பருவம். மத்தியானத்துக்கு மேல் யூனியா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். மழைக்கும் நாத்தனாருக்கும் நேரம் ஏது? கொஞ்ச நேரத்தில் அவளும் பிள்ளையும் கைகோத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தேன். பலாமரத்தடியில் நின்றார்கள். நான் ஒரு தலையைப் பாதி பின்னிக்கொண்டிருந்தேன், குனிந்தேன். நிமிர்ந்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

வெயில் சாயத் தொடங்கும்போது ஹன்னெகே ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை, தோளில் பை மட்டும் தொங்கியது.

"எடிசாக்கா, ஃபென்னா இங்க இருக்காளா?"

"இல்லையே. யூனியாவ வழியனுப்ப வந்துச்சு. அப்பவே திரும்பியிருக்குமே?"

"திரும்பலைக்கா."

பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டு வேன் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். கண்டக்டர் பையன் வெகு சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"வெள்ளக்காரப் பாப்பாவா? அது அத்தையோட ஏரிக்கரை வண்டியில போயிடுச்சே. முன் சீட்டுல, அத்தை மடியில. கையில ஒரு நீல டப்பாகூட வச்சிருந்துச்சு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹன்னெகேயைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு வரவில்லை.

யோரிஸ் எங்கோ சிக்னல் இல்லாத ஊரில் பம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். யூனியாவின் போன் அணைந்திருந்தது. அது சார்ஜ் ஆகி இருந்த நாளை நான் பார்த்ததே இல்லை. ஹன்னெகே ஆஸ்பத்திரி வண்டியை எடுத்தாள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

"என்னைக் கேக்காம என் பிள்ளைய எப்படிக்கா கூட்டிட்டுப் போகலாம்?"

"தம்பி மகளைக் கூட்டிட்டுப் போக எந்த அத்தை கேப்பா? லீவு விட்டாச்சு, கூட்டிட்டுப் போயிட்டா."

"இல்ல. கோவத்துல கூட்டிட்டுப் போயிருக்காங்க. உங்களுக்குத் தெரியாது."

அப்போதுதான் சொன்னாள். அத்தையைப் பார்த்ததும் பிள்ளை முழங்காலிட்டு வணக்கம் சொல்லப் போயிருக்கிறது. எங்கள் பெண்பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். இவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "நாம கர்த்தருக்கு முன்னால மட்டும்தான் முழங்கால் போடுவோம்" என்று அத்தை முன்னாலேயே சொல்லிவிட்டாள். யூனியா காப்பியைக் குடித்தாள். பிஸ்கட்டைத் தொடவில்லை. எழுந்துவிட்டாள்.

"அதைப் போய் அந்தம்மா முகத்துக்கு நேரே சொன்னியா?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மைய எல்லாம் வாசல்லயே வச்சு எறியணுமா? கொஞ்சம் கொல்லைப் பக்கமும் வைக்கலாம்ல?"

அவள் வண்டியை இன்னும் வேகமாக விட்டாள். "அவங்க குடிசைக்குள்ள விறகடுப்பு, அக்கா. ஜன்னல் ஒண்ணே ஒண்ணு. மருந்து என் பையில இருக்கு" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கும் கை கால் ஓடவில்லை. ஆனால் அவள் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

சாலையோரப் போலீஸ் ஸ்டேஷன் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டாள். கதவில் கை வைத்தாள்.

"எதுக்கு?"

"அவங்க ஜீப்புல போனா சீக்கிரம் போகலாம். வரலன்னா கம்ப்ளெயின்ட் குடுப்பேன். சொல்லாம ஒரு பிள்ளையத் தூக்கிட்டுப் போறதுக்கு எங்க ஊர்ல பேரு வேற, அக்கா."

"சரி, போ. உள்ள போய் 'கடத்திட்டாங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பிள்ளை கட்டாயம் வந்துடும். ஆனா ஊர் பாக்க ஜீப்புல ஏத்தின பொம்பளை இனிமே சர்ச் வாசல மிதிக்க மாட்டா. உன் பிள்ளைக்கு அத்தைன்னு ஒருத்தி இருக்க மாட்டா. செத்த தம்பிய அவ ரெண்டாவது தடவை பொதைக்கணும். அவ்வளவுதான்."

"ஃபென்னாவுக்கு இழுப்பு வந்துட்டா?"

"வந்தா மருந்து உன் பையில இருக்கா, போலீஸ்காரன் பையில இருக்கா? வண்டிய எடு."

கதவிலிருந்து கையை எடுத்தாள். வண்டியை எடுத்தாள். அதற்கப்புறம் ஏரிக்கரை வரும்வரை அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஜெபம்தான் செய்திருப்பாள். அவள் மொழியில் எனக்குத் தெரிந்ததே 'பிஸ்கட்' ஒன்றுதான்.

பாதையில் வண்டியை விட்டுவிட்டு வாழைத் தோப்புக்குள் நடக்கும்போதே யூனியாவின் வீட்டுக்கு மேலே புகை தெரிந்தது. நீலமாக, கனமாக. ஹன்னெகே அதைப் பார்த்தாள், ஓட ஆரம்பித்தாள். எனக்கு இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓட முடியுமா? மூச்சு வாங்க நான் வாசலுக்குப் போனபோது அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

உள்ளே பாயில் நாலைந்து பெண்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு குவியல் வெட்டுக்கிளி. ஃபென்னா இடுப்பில் அத்தையின் துணியைச் சுற்றிக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி, ஒவ்வொன்றாக எடுத்து இறக்கையையும் காலையும் பிய்த்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். விசில் இல்லை, இருமல் இல்லை. கன்னம் ரெண்டும் சிவந்து, காலையில் பார்த்ததைவிட நன்றாக இருந்தாள்.

"அம்மா! பாத்தியா, நான் எத்தனை பிச்சிருக்கேன்!"

ஹன்னெகேயின் கால் மடங்கிவிட்டது. வாசற்படியிலேயே, இரண்டு முழங்காலும் தரையில் படிய, கையை ஊன்றி அப்படியே விழுந்தாள். பயம் இறங்கிப் போகும்போது காலையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் யூனியா பின்பக்கமிருந்து வாழையிலைக் கட்டோடு உள்ளே வந்தாள். தன் வீட்டு வாசலில், தன் முன்னால், தம்பி பெண்டாட்டி இரண்டு முழங்காலும் போட்டு நிற்பதைப் பார்த்தாள். இலைக்கட்டு கீழே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு குலவை போட்டாள் பாருங்கள், ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்திருக்கும்.

"ஐயோ என் தங்கமே! எந்திரி, எந்திரி! எனக்குப் போயா முட்டி போடுற?" என்று சொல்லிக்கொண்டே தானும் எதிரில் முழங்காலிட்டு, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ பிள்ளைய என்கூட அனுப்பினப்பவே என் மனசு ஆறிப்போச்சு. ஏதோ ஒரு வார்த்தை வாய் தவறி வந்துடுச்சு, அதுக்காக மிரெம்பேய அனுப்பி வச்சிருக்கா என் தம்பி பொண்டாட்டின்னு வண்டியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். அதுவும் டப்பாவோட! முழு டப்பாவோட! நீ போய் முழு டப்பா குடுத்து அனுப்பியிருக்கன்னா அதுக்கு மேல என்ன வேணும்? இதுல நேர்லயும் வந்து முட்டி வேற போடுற. போதும்மா. எனக்குப் போதும்."

மாடத்தில், கர்த்தர் படத்துக்குக் கீழே, நீல டப்பா இருந்தது. மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

ஹன்னெகே என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இவள் பொய் சொல்லத் தெரியாதவள். 'நான் அனுப்பல, டப்பாவும் குடுக்கல, கால் வழுக்கி விழுந்துட்டேன்' என்று இப்போது வாயைத் திறந்தாள் என்றால் எல்லாம் போச்சு. வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அண்ணி" என்றாள்.

அவ்வளவுதான். அது பொய் இல்லையே. யூனியா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், இவளும் அழுதாள், காரணம் தெரியாமல் வெட்டுக்கிளிக் குவியலைச் சுற்றி இருந்த பிள்ளைகளும் அழுதன. நான் மட்டும் அழவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டேன், கண்ணிலும் கொஞ்சம் வியர்த்திருந்தது.

கொல்லையில் கை கழுவும்போது ஹன்னெகே மகளைத் தனியே பிடித்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அதனால் காதில் விழுந்தது. இல்லாவிட்டாலும் விழ வைத்திருப்பேன்.

"பலாமரம் வரைக்கும்தான்னு சொல்லியிருக்கேன்ல?"

"மரத்துக்கிட்ட வந்ததும் அத்தை அழுதாங்கம்மா. பிஸ்கட் சாப்பிடாமலே கிளம்பிட்டாங்கன்னு நான் வீட்டுலேர்ந்தே டப்பாவ எடுத்துட்டுப் போயிருந்தேன். குடுத்தேன். அப்பவும் அழுகை நிக்கல. அழுறவங்களப் பாதி வழியில எப்படிம்மா விட்டுட்டு வர்றது?"

ஹன்னெகே மகளின் கையை மறுபடி கழுவினாள். ஏற்கெனவே கழுவின கைதான்.

அப்போதுதான் அவளுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. சுற்றிப் பார்த்தாள். யூனியாவின் அடுப்பு அவள் வீட்டில் இல்லை. புகை வந்துகொண்டிருந்தது வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து.

"ஏன் அங்க சமைக்கிறீங்க, அண்ணி?"

"நல்லா கேட்ட போ. பிள்ளைக்குப் புகை ஆகாதுன்னு தெரியாதா எனக்கு? வந்து எறங்கினதும் மொத வேலையா கல்லு, விறகு, சட்டி எல்லாத்தையும் அங்க தூக்கியாச்சு. அவளுக்கென்ன, வாய் கிழியப் பேசுவா, ஆனா அடுப்புக்கு எடம் குடுப்பா" என்றாள் யூனியா, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியாகவே.

"காதுல விழுது!" என்றது வேலி.

சாப்பாடு வந்தது. வாழையிலையில் வெந்த மசியல், கடலைக் குழம்பு, நடுவில் உப்பும் வெங்காயமும் போட்டு வறுத்த வெட்டுக்கிளி. எட்டு வருஷமாக ஹன்னெகே அதைத் தொட்டதில்லை.

"யோவான் ஸ்நானகன் தின்னதுதானே. வேதத்துல இருக்குறதுக்குமா யோசன?" என்றேன்.

ஒன்றை எடுத்துக் கண்ணை மூடி வாயில் போட்டாள். மென்றாள். முகம் கோணவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதானா?" என்று நான் கேட்டேன்.

என்னை முறைத்தாள். அப்புறம் சிரித்துவிட்டு ஒரு கைப்பிடி அள்ளினாள். தன் பட்டப்பெயர் அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புறப்படும் நேரம் வந்ததும் பிள்ளை மெல்ல ஆரம்பித்தது. நாளைக்கும் வெட்டுக்கிளி வருமாம். ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு சர்ச்சுக்கு வந்துவிடுவாளாம். யூனியா இலையை மடித்துக்கொண்டே இருந்தாள், மடித்த இலையையே திரும்பவும் மடித்தாள். ஹன்னெகே பையைத் திறந்தாள். இன்ஹேலரை வெளியே எடுத்தாள். பிறகு நாத்தனார் பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

"இப்படிக் குலுக்கணும், அண்ணி. வாயில வச்சு, அவ மூச்ச இழுக்குறப்ப அழுத்தணும். எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

யூனியா வேதபுத்தகத்தை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குலுக்கினாள், காட்டினாள். சரியாகச் செய்தாலும் ஹன்னெகே இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். நாலாவது தடவையில், "போதும், மருந்து தீந்துடப் போகுது" என்று நான்தான் நிறுத்தினேன்.

வழியனுப்ப எல்லோரும் வந்தார்கள்: யூனியா, பெண்பிள்ளைகள், வேலிக்கு அந்தப் பக்கத்து வாய்க்காரி. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பாதை முனையில், வண்டிக்குக் கொஞ்சம் முன்னால், அங்கேயும் ஒரு பலாமரம். எங்கள் நாட்டில் பலாமரம் இல்லாத இடம் ஏது? மற்றவர்கள் பேசிக்கொண்டே வண்டி வரை போனார்கள். ஃபென்னா மட்டும் மரத்தடியில் நின்றுவிட்டாள்.

"வண்டி வரைக்கும் வரமாட்டியா?" என்று ஹன்னெகே திரும்பிக் கேட்டாள்.

"மரம் வரைக்கும்தானே நீ சொல்லியிருக்க."

சொல்லிவிட்டு, எங்கள் பிள்ளைகள் பெரியவர்களை வழியனுப்பும்போது செய்வதுபோல, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு முழங்காலிட்டாள். "போயிட்டு வாங்கம்மா. பாத்துப் போங்க" என்றாள். ஹன்னெகே மரத்தடிக்குத் திரும்பி வந்தாள், கையைப் பிடித்துத் தூக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. குனிந்து மகளின் தலையில் கை வைத்தாள். அவள் மோவாய் நடுங்குவதைப் பிள்ளை கீழேயிருந்து பார்த்துவிட்டது.

"அம்மா, அழாமப் போயிடும்மா" என்று அவசரமாகச் சொன்னாள். "நீ அழுதா நான் வண்டியில ஏறணும்."

ஹன்னெகே அழவில்லை. வண்டியில் ஏறிக் கை ஆட்டினாள், நேராகப் பார்த்து ஓட்டினாள். வளைவு திரும்பி மரம் மறைந்த பிறகுதான் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.